டவர் இருக்கிற இடமா, இல்லாத இடமா, கடல் கடந்தா?

தங்கச்சி மகள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி வீட்டுக்கு வந்தபோது கையில் மூன்று தாள்கள் வைத்திருந்தாள். மூன்றும் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளின் கட்டண விவரம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்தவள், கிளாஸ் ஒன் மருத்துவச் சோதனையும் தேறிவிட்டாள். இனி எங்கே சேருவது என்பதுதான் பாக்கி. முதல் தாள் தென்னிந்தியாவில், டவர், அதாவது விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள ஒரு விமான நிலையத்தில் நடக்கும் பள்ளி. இரண்டாவது வடக்கே, டவர் இல்லாத ஒரு சின்ன ஓடுதளம். மூன்றாவது அமெரிக்கா.

மாப்பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஏக்கர் தேயிலையும் ஒரு பிக்கப்பும் வைத்திருப்பவருக்கு அரைக்கோடியைத் தொடும் செலவு என்றால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் செய்வார். தங்கச்சி தாள்களைத் தொடவே இல்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "எதுல மோதாதுண்ணா?" என்றாள்.

முப்பத்தொரு வருடம் டவரில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொன்னவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. கட்டணம், விடுதி, லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ள எழுத வேண்டிய தேர்வு, பறக்கக் கிடைக்கும் நாட்கள் இதையெல்லாம் ஒப்பிட்டு எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தங்கச்சி கேட்ட அந்த ஒரே ஒரு கேள்வியை வைத்து மூன்று தாள்களையும் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். எங்கள் மலையில் யாரிடம் பறப்பதைப் பற்றிப் பேசினாலும் 2021 டிசம்பர் 8 தான் நினைவுக்கு வரும். சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து ஜெனரல் பிபின் ராவத் உட்படப் பதினான்கு பேர் போனார்கள். தங்கச்சியின் பயமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அது வேறு ஆபத்து. எதிர்பாராமல் மேகம் சூழ்ந்து, விமானி திசைநிலை தடுமாறி, நல்ல நிலையில் இருந்த இயந்திரம் மலையில் மோதியது என்பதுதான் விசாரணையின் முடிவு. இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று மோதுவது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான சூழலில் நடக்கும்: பட்டப்பகல், தெளிவான வானம், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. மூடுபனியில் யாரும் பயிற்சிக்குப் போவதில்லை. நல்ல நாளில்தான் எல்லோரும் மேலே போவார்கள், கூட்டமும் அன்றுதான்.

சரி, டவருக்கு வருவோம். "டவர் இருந்தா அவங்க பாத்துக்குவாங்கதானே மாமா?" என்றாள் மருமகள். படித்தவர்களே இப்படித்தான் நினைக்கிறார்கள். கட்டுப்பாட்டு வான்வெளி என்ற பெயர் செய்த வேலை அது. கட்டுப்பாடு என்றதும், மேலே ஒருவர் இருக்கிறார், அவர் இரண்டு விமானங்களையும் விலக்கி விலக்கி வைப்பார் என்று தோன்றிவிடுகிறது.

உலகம் முழுக்க வான்வெளியை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி டி வகை. இதில் ஐஎஃப்ஆர் என்கிற கருவி விதிப்படி பறக்கும் இரண்டு விமானங்களை விலக்கி வைப்பது டவரில் இருக்கும் கன்ட்ரோலரின் பொறுப்பு. பயணிகள் விமானங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பயிற்சி விமானங்கள் பறப்பது விஎஃப்ஆர், அதாவது கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில். டி வகை வான்வெளியில் இரண்டு விஎஃப்ஆர் விமானங்களுக்கு நடுவே இத்தனை அடி இடைவெளி வைத்தே ஆக வேண்டும் என்று கன்ட்ரோலருக்குச் சட்டம் சொல்லவில்லை. உனக்கு முன்னால் ஒன்று இருக்கிறது, வலப்பக்கம் ஒன்று வருகிறது என்று தகவல் சொல்வார், இறங்கும் வரிசையைச் சொல்வார். பார்த்து விலகிக்கொள்ள வேண்டியது ஓட்டுகிறவர். ரன்வேயின் மேல் மட்டும் இரண்டு பேர் சேர்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பள்ளி தேடினால் எந்தத் தாளை எடுத்தாலும் தப்பாகத்தான் படிப்போம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இடம் வேண்டாம். மாலை நான்கு மணி, சர்க்யூட்டில் மூன்று பயிற்சி விமானங்கள். சர்க்யூட் என்பது ரன்வேயைச் சுற்றிச் செவ்வகமாகப் போடும் வட்டம்: ஏறி, திரும்பி, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் டவுன்விண்ட், பிறகு ரன்வே பக்கமாகக் குறுக்கே திரும்பும் பேஸ், பிறகு ரன்வேக்கு நேராக இறங்கும் ஃபைனல். டவுன்விண்டில் இருந்த பையனிடம், "நீ இரண்டாவது, உனக்கு முன்னால் பேஸில் இருப்பவரைப் பின்தொடர்" என்றேன். "பார்த்துவிட்டேன்" என்று பதில் வந்தது. அவன் பார்த்தது வேறொன்றை. ரன்வேயில் சக்கரம் பதித்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டிருந்த மூன்றாவது விமானத்தை. தனக்கு முன்னால் இருப்பவர் இறங்கி ஏறிவிட்டார், இனி என் முறை என்று நினைத்து அவன் பேஸுக்குத் திரும்பினான். உண்மையில் அவன் பின்தொடர வேண்டிய விமானம் அந்த நேரம் ஃபைனலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, இவனுக்குக் கீழே.

டவர் கண்ணாடி வழியாக இரண்டு இறக்கைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன. மேலே இருந்தவனை இறங்காதே, வலப்பக்கம் திரும்பு என்று கத்தினேன். திரும்பினான். என் கண் கணக்கில் இடைவெளி இருநூறு அடி இருக்கலாம். அமெரிக்காவில் ஐநூறு அடிக்குள் நெருங்கினாலே மோதத் தெரிந்த சம்பவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் ஏர்ப்ராக்ஸ் என்று எழுதுவோம். எழுதினேன். அந்த அறிக்கையில் என் பங்கும் இருந்தது. மூன்று பேர் வானத்தில் இருக்கும்போது "பேஸில் இருப்பவர்" என்றால் மட்டும் போதாது. எந்த இடத்தில், என்ன நிறம், எந்தப் பக்கம் பார்த்தால் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பார்த்துவிட்டேன்" என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் முழுதாக நம்பியதில்லை. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியாகோவில் இதே சொல்தான் 144 உயிரைக் குடித்தது. போயிங் 727 ஒன்று இறங்க வந்தது. முன்னால் செஸ்னா என்கிற சின்ன விமானம் ஒன்று போகிறது என்று டவர் சொல்ல, பார்த்தோம் என்றார்கள். பிறகு அதைத் தவறவிட்டார்கள். தவறவிட்டதைத் தெளிவாகச் சொல்லவில்லை, தாண்டிப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். அது அவர்களுக்கு முன்னால், கீழே, அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. ரேடாரில் எல்லோரும் தெரிந்த, கட்டுப்பாட்டில் இருந்த வானம் அது.

அனுபவம் உள்ளவர்களுக்கும் ஏன் தெரிவதில்லை? கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் அமைப்பே அப்படி. அமெரிக்க விமானத்துறை தன் கையேட்டில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஒரு பொருள் கண்ணில் பட்டு, அது விமானம் என்று புரிந்து, மோதப்போகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானமும் திரும்ப எல்லாம் சேர்த்து 12.5 விநாடி. இரண்டு செஸ்னா 172, ஆளுக்கு நூறு நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் இந்த 12.5 விநாடியில் அவை இரண்டும் சேர்ந்து தின்றுவிடும் தூரம் ஏறத்தாழ 1,300 மீட்டர். அந்தத் தூரத்தில் பதினொரு மீட்டர் இறக்கை வானத்தில் எவ்வளவு அகலம் தெரியும் என்று கணக்குப் போட்டால், முழு நிலாவின் அகலம். ஆனால் நிலா மாதிரி வட்டமாக இல்லை, மெல்லிய கோடு மட்டும். அதுவும் அசையாத கோடு.

அந்த அசையாததைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் மறுநாள் காலை காந்தி மைதானத்துக்குப் போனோம். மாப்பிள்ளை பிக்கப்பை ஓட்டினார், மருமகள் இடப்பக்கம் உட்கார்ந்தாள், நான் நடுவில். அவள் தம்பி ஸ்கூட்டரோடு மைதானத்தின் இடப்பக்க ஓரத்தில் நின்றான். இரண்டு பேரும் ஒரே மூலையை நோக்கி, ஒரே வேகத்தில் வர வேண்டும். தங்கச்சியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி, மருமகள் கண்ணுக்கு நேராக ஸ்கூட்டர் தெரியும் இடத்தில் கண்ணாடியில் ஒட்டினேன்.

முதல் தடவை பையன் வேகமாக வந்துவிட்டான். ஸ்கூட்டர் பொட்டை விட்டு முன்பக்கமாக நகர்ந்து, எங்களுக்கு முன்னால் தாண்டிப் போனது. அடுத்து மெதுவாக வந்தான். பொட்டுக்குப் பின்னால் நகர்ந்து, எங்களுக்குப் பின்னால் போனது. மூன்றாவது தடவை சரியாக வந்தான். ஸ்கூட்டர் பொட்டிலேயே நின்றது. நகரவில்லை, பெரிதாகவும் இல்லை. "நிக்கிற மாதிரி இருக்கு மாமா" என்றாள். அப்புறம் கடைசி இரண்டு விநாடியில் குப்பென்று பெரிதானது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். நகர்கிற விமானம் உன்னைத் தாண்டிப் போய்விடும். எது கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கிறதோ அதுதான் உன் மேல் வருகிறது. நம் கண்ணோ அசைவதைத்தான் பிடிக்கும், அசையாததை விட்டுவிடும்.

நான்காவது தடவை திட்டமில்லாமல் இன்னொன்று நடந்தது. பாதி வழியில் அவள், "தம்பி எங்க?" என்றாள். கண்ணாடி ஓரத்துக் கம்பத்துக்குப் பின்னால் முழு ஸ்கூட்டரும் மறைந்துவிட்டது. மலைப்பாதையில் ஓட்டும் மாப்பிள்ளைக்கு இது புதிதல்ல. கொண்டை ஊசி வளைவில் அந்தக் கம்பம் ஒரு பைக்கையே விழுங்கிவிடும் என்று அவரே சொன்னார். செஸ்னாவுக்கு இறக்கை மேலே, அதனால் தலைக்கு மேல் பார்வை இல்லை. பைப்பர் போன்றவற்றுக்கு இறக்கை கீழே, அடியில் பார்வை இல்லை. பைப்பர் மேலேயும் செஸ்னா கீழேயும் ஒரே ஃபைனலில் இறங்கினால் இரண்டு பேருக்கும் மற்றவர் தெரியமாட்டார்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு தாள்களை எடுத்தோம்.

டவர் இல்லாத இரண்டாவது தாளை முதலில் பார்த்தேன், அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்து. இப்படிப்பட்ட இடத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில், நான் இங்கே இருக்கிறேன், இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே பறப்பார்கள். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பது போலத்தான். எல்லோரும் அடித்தால் நல்ல ஏற்பாடு. கஷ்டம் என்னவென்றால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற சத்தம்தான் கேட்கும், இரண்டு பேர் சொன்னதும் போய்விடும். பேசிய இரண்டு பேருக்கும் அது தெரியவும் தெரியாது.

2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், டவர் இல்லாத இடத்தில், சர்க்யூட்டில் இருந்த ஒரு செஸ்னா 152 மீது நேராக இறங்க வந்த வேகமான இரட்டை இன்ஜின் விமானம் மோதி மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பேரும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 2025 ஜூலையில் கனடாவின் மானிடோபாவில் ஸ்டைன்பாக் அருகே இரண்டு பயிற்சி விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்து மோதின. இரண்டிலும் தனியாக ஓட்டிய மாணவர்கள். ஒருவர் கேரளத்து இளைஞர். அந்தச் செய்தி வந்த நாளில்தான் தங்கச்சிக்கு இந்தக் கேள்வியே பிறந்திருக்க வேண்டும்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது என் அவசரம் தப்பென்று பட்டது. டவர் இல்லாத ஓடுதளத்தில் ஒரே ஒரு பள்ளி, ஒரே மாதிரி விமானங்கள், வெளியார் வருவது அபூர்வம் என்றால் அங்கே யார் எப்போது பறப்பது என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம். ஒரே வேகம் என்பதே பெரிய பாதுகாப்பு. நேருக்கு நேர் மோதுவதைவிட, வேகமானது மெதுவானதைப் பின்னாலிருந்து பிடிப்பதுதான் அதிகம். ஒழுங்கான ஒற்றைப் பள்ளி, நெரிசலான டவரைவிட மேல். நம் தாளில் இருந்த இடத்தில் இரண்டு பள்ளிகள், ஒரே ஓடுதளம். இரண்டு பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு ஆள் இல்லை. அது என்னை உறுத்தியது.

அமெரிக்கத் தாளில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். அங்கே வானமும் நன்றாக இருக்கும், பறக்கும் நேரமும் சீக்கிரம் சேரும். டவர், ரேடார் எல்லாம் உண்டு. அந்த டவர்களைப் பற்றித்தான் இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் கட்டுப்பாட்டுக்குள் நடந்தவை.

2021 மே 12, டென்வர் பக்கத்தில் சென்டென்னியல் விமான நிலையம். இரண்டு இணை ரன்வேகள். ஒன்றுக்கு ஒரு சிர்ரஸ் எஸ்ஆர்22, இன்னொன்றுக்கு ஒரு மெட்ரோலைனர் சரக்கு விமானம். இரண்டு ரன்வேக்கும் இரண்டு கன்ட்ரோலர், இரண்டு அலைவரிசை. சிர்ரஸ் ஓட்டியவர் வேகம் குறைக்காமல் ஃபைனலுக்குத் திரும்பினார். திருப்பம் அகலமாகி, தன் ரன்வேயின் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கோட்டுக்குள் போய்விட்டார். மெட்ரோலைனரின் முதுகைக் கிழித்துக்கொண்டு போனது சிர்ரஸ். அதில் விமானத்தையே தூக்கும் பாராசூட் உண்டு, அதை விரித்து இறங்கினார்கள். மெட்ரோலைனர் வாய் பிளந்த உடம்போடு தரை சேர்ந்தது. மூன்று பேருக்கும் ஒரு கீறல் இல்லை. சிர்ரஸ் வருவதை மெட்ரோலைனர் விமானியிடம் கன்ட்ரோலர் சொல்லவில்லை என்பதையும் விசாரணை பதிவு செய்தது.

அடுத்த வருடம், 2022 ஜூலை 17, வடக்கு லாஸ் வேகாஸ். அங்கேயும் இணை ரன்வேகள். ஒரு பைப்பருக்கு இடது ரன்வே என்று சொல்லப்பட்டது. இடது என்று அவரும் திருப்பிச் சொன்னார். ஆனால் வலது ரன்வேக்குத் திரும்பினார். அங்கே ஒரு செஸ்னா 172 இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். திருப்பிச் சொன்னது சரியாக இருந்ததே என்பதுதான் எனக்கு இன்றும் நெஞ்சில் நிற்கிறது. கன்ட்ரோலர் கேட்க வேண்டியதைக் கேட்டார், சரியான பதிலும் வந்தது. அதற்கு மேல் மிச்சம் இருப்பது கண் மட்டும்தான்.

அங்கே ஒரு வசதி உண்டு, மறைக்கக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில் எல்லா விமானமும் ஏடிஎஸ்-பி என்ற கருவி மூலம் தன் இருப்பிடத்தை ஒலிபரப்ப வேண்டும். பயிற்சி விமானத்தில் திரை இருந்தால் பக்கத்தில் பறப்பவர்கள் அதில் தெரிவார்கள். பயிற்சிப் பகுதியில், நாலைந்து மைல் தள்ளி இருப்பவரைத் தெரிந்துகொள்ள இது தங்கம். 2018 ஜூலையில் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்துக்கு மேல் பயிற்சி விமானங்கள் இரண்டு மோதி நான்கு பேர் இறந்தது போன்ற இடத்தில் இப்படியொரு திரை உதவியிருக்கலாம். சர்க்யூட்டில் கதை வேறு. எல்லோரும் நெருங்கி இருப்பதால் திரை ஓயாமல் கத்தும். புதிதாகக் கற்றவர் திரையைப் பார்க்கத் தலையைக் குனிவார். குனிந்த அந்த ஐந்து விநாடிதான் மேலே சொன்ன 12.5 கணக்கில் போய்விடும்.

இப்போது முதல் தாள். ஒரே ரன்வே, டவர் உண்டு, நாளைக்குச் சில பயணிகள் விமானங்கள். இந்திய விமான நிலைய ஆணையம் சேலம், கடப்பா, ஹூப்ளி போன்ற, கூட்டம் குறைந்த நிலையங்களைத் தேர்ந்து பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் கொடுத்ததே, அந்த மாதிரியான ஏற்பாடு. பயணிகள் விமானம் வரும்போது பயிற்சி விமானங்களைத் தள்ளி வட்டமடிக்கச் சொல்லுவோம். மாணவர்களுக்கு எரிச்சல், அந்த நிமிடங்களுக்கும் காசு அவர்களுடையது. மாப்பிள்ளை இதைக் கேட்டு முகம் சுளித்தார். ஆனால் அந்தப் பயணிகள் விமானத்தில் டிகாஸ் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. பயிற்சி விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், அதாவது கேட்டால் ரேடியோவில் பதில் அனுப்பும் பெட்டி, உயரத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தால் டிகாஸ் அதைத் தெரிந்துகொண்டு, ஏறு அல்லது இறங்கு என்று தன் விமானிக்குச் சொல்லும், அவர் விலகிக்கொள்வார். அணைத்து வைத்திருந்தால் அந்தக் கருவிக்கு நீ இல்லவே இல்லை. நம் சின்ன விமானங்களில் டிகாஸ் கட்டாயம் இல்லை, அதனால் இரண்டு பயிற்சி விமானங்களுக்கு நடுவே இது உதவாது.

இங்கே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். எப்போதும் டவர் சொல்லச் சொல்லத் திரும்பி வளர்ந்தவர்கள், வெளியே பார்ப்பதை டவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். டவரில் இருப்பவருக்கும் பல இடங்களில் கண்ணும் ஒரு தூரக்கண்ணாடியும்தான். சாயங்கால வெயில் முகத்தில் அடித்தால் எனக்கு மேற்குப் பக்கம் பாதி தெரியாது.

எங்கள் ஊரில் மே மாத சீசனில் என்ன செய்கிறார்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடும். ஓட்டுநர்களுக்கு அன்று புதிதாகத் திறமை வந்துவிடவில்லை, ஹாரனும் கூடுதலாக அடிப்பதில்லை. எதிரே வண்டியே வராது, அவ்வளவுதான். டெல்லியும் இதைத்தான் கற்றுக்கொண்டது. 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தபோது, டெல்லிக்கு வருவதும் போவதும் ஒரே பாதையில் நடந்தது. பதினைந்தாயிரம் அடியில் நிற்க வேண்டிய விமானம் கீழே இறங்கியது, எதிரே பதினான்காயிரத்தில் இன்னொன்று. அப்போது டெல்லியில் இருந்த ரேடாரில் உயரம் தெரியாது. அதன் பிறகுதான் வரும் பாதை, போகும் பாதை பிரிக்கப்பட்டது, டிகாஸும் கட்டாயமானது.

என் ஒப்பீடு இங்கேதான் திரும்பியது. டவர் இருக்கிறதா என்று கேட்பதைவிட, விமானங்கள் மேலே போவதற்கு முன்பே அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். தேயிலை பேக்டரி பில்லின் பின்பக்கம் மருமகளுக்கு நான்கு கேள்விகள் எழுதிக்கொடுத்தேன். சர்க்யூட்டில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை விமானம், அதைக் கணக்கு வைப்பது யார்? பயிற்சிப் பகுதியைத் துண்டு துண்டாக, உயரம் உயரமாகப் பிரித்திருக்கிறார்களா? டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யாத விமானத்தைப் பறக்க விடுவார்களா? கடைசியாக மோதத் தெரிந்தது எப்போது, அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள்? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று சொல்லும் பள்ளியில் யாரும் எழுதி வைப்பதில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது தாளின் பள்ளியில் போனை எடுத்தவர், "அதெல்லாம் பாத்துக்கலாம், நீங்க எப்போ சேர்றீங்க?" என்று இந்தியில் சிரித்தார். அந்தத் தாளை மடித்து வைத்தோம்.

அமெரிக்கப் பள்ளி ஆறு பக்கத்துக்குப் பதில் அனுப்பியது. உண்மையைச் சொன்னால், மூன்றில் அதுதான் நல்ல பதில். பயிற்சிப் பகுதியின் வரைபடம், துண்டுக்குத் துண்டு உயரம், எல்லா விமானத்திலும் திரை, போன வருடம் நடந்த இரண்டு நெருக்கங்களும் அவற்றுக்குப் பிறகு மாற்றிய விதியும். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். ஆனால் அதே நிலையத்தில் இணை ரன்வேக்கள், சுற்றிலும் இன்னும் ஐந்து பள்ளிகள், நல்ல நாளில் சர்க்யூட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எண் இல்லை, "டவர் முடிவு செய்யும்" என்று ஒரு வரி. ஐம்பது மணி நேரம் பறந்த பிறகு அனுப்புவதாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தனியாக ஓட்டும் முதல் சோலோவுக்கு அந்தக் கூட்டம் வேண்டாம் என்று பட்டது. வேறு ஒரு கன்ட்ரோலர் இதே ஆறு பக்கத்தைப் படித்து நேர்மாறாகவும் சொல்லலாம், நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

முதல் பள்ளியின் தலைமை இன்ஸ்ட்ரக்டர் நேரடியாகப் பேசினார். சர்க்யூட்டில் நான்கு, அதற்கு மேல் டவர் கேட்டாலும் நாங்களே அனுப்புவதில்லை என்றார். பயிற்சிப் பகுதி மூன்று துண்டு, ஒரு துண்டில் ஒரு விமானம். திரை இரண்டு விமானங்களில்தான் இருக்கிறது. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் தயங்கி, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது, ஒரு மாணவர் தப்பான விமானத்தைப் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றார். இப்போது, எங்கே, எந்தத் திசையில் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் டவர் அடுத்த திருப்பத்துக்கு விடுகிறது என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

போன வாரம் முதல் தவணை கட்டியாகிவிட்டது. அமெரிக்கப் பள்ளியின் ஆறு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மருமகள் பெட்டியில் வைத்திருக்கிறாள். பிக்கப் கண்ணாடியில் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது, மாப்பிள்ளை துடைக்கவில்லை. கிளம்பும்போது தங்கச்சி மறுபடியும், "அப்போ மோதாதுல்லண்ணா?" என்று கேட்டாள்.

"நாலு வண்டிதாம்மா மேல இருக்கும்" என்றேன்.